யாருடைய நான்கு மணி? அரிசோனா பாலைவனத்தில் ஒரு நாள்

குற்றால சீசன் களைகட்டுகிற ஜூலை மாதத்தில் செங்கோட்டையை விட்டுவிட்டு யாராவது பாலைவனம் பார்க்கப் போவார்களா? நாங்கள் போனோம். மகளும் மருமகனும் பீனிக்ஸில் இருக்கிறார்கள், அவர்களுக்கு லீவு கிடைத்தது அப்போதுதான், சாரலில் நனைய வேண்டிய நேரத்தில் வெயிலில் காய்ந்தோம். தென்காசி, புளியரை பக்கத்திலிருந்து பிள்ளைகளைப் பார்க்க அங்கே கிளம்புகிறவர்கள் இப்போது நிறையப் பேர், போகிறவர்கள் எல்லாம் என்னிடம் விசாரிக்கிறார்கள், அதனால் அந்த ஒரு நாளை மட்டும் எழுதிவிடுகிறேன்.

பேஜ் என்ற சின்ன ஊரில் இரவு தங்கி, விடிந்ததும் ஹார்ஸ்ஷூ பெண்ட், அப்புறம் ஆன்டலோப் கேன்யன் என்ற குறுகிய பாறைப் பிளவு, சாயங்காலம் மான்யுமென்ட் வேலி என்ற செம்பாறைப் பள்ளத்தாக்கு. இதுதான் திட்டம். ஆன்டலோப் கேன்யனுக்குக் கொடுத்த காசு ஒவ்வொரு பைசாவும் செரித்தது. மற்ற இரண்டும் நல்ல இடங்கள்தான், ஆனால் மூன்றையும் ஒரே நாளில் திணித்தது எங்கள் பேராசை.

ஹார்ஸ்ஷூ பெண்ட் ஒரே ஒரு காட்சிதான். கொலராடோ ஆறு குதிரை லாடம் மாதிரி வளைந்து போகிறது, நீங்கள் சுமார் 1000 அடி மேலே பாறை விளிம்பில் நின்று எட்டிப் பார்க்கிறீர்கள். கம்பி வேலி கொஞ்ச தூரத்துக்குத்தான், அதைத் தாண்டியும் ஜனங்கள் விளிம்பில் உட்கார்ந்து போட்டோ எடுக்கிறார்கள், எனக்குத்தான் வயிற்றைக் கலக்கியது. போக வர ஒன்றரை மைல் நடக்க வேண்டும். ஆறு மணிக்கே போய்விடுங்கள், பத்து மணிக்கு மேல் அந்த மணலில் நடப்பது தண்டனை. பக்கத்திலேயே கிளென் கேன்யன் அணை, 710 அடி உயரம். எங்கள் குண்டாறு அணை 36 அடி நிரம்பினால் அது பேப்பரில் செய்தி! பேஜ் ஊரே கிளென் கேன்யன் அணை கட்ட வந்த ஆட்களுக்காக 1957இல் உண்டானதுதானாம். பாலத்தின் மேல் பத்து நிமிடம் நின்றுவிட்டுக் கிளம்பினோம்.

ஆன்டலோப் கேன்யனில் மேல், கீழ் என்று இரண்டு இருக்கின்றன. மேல் கேன்யன் சமதளம், நட்ட நடுப்பகலில் கூரையிலிருந்து ஒளிக்கற்றை இறங்குவதாகப் படங்களில் பார்க்கிறோமே, அது அங்கேதான். அதற்கு டிக்கெட் கிடைக்கவில்லை, கீழ் கேன்யன்தான் அமைந்தது. என் மனைவிக்கு முட்டி வலி, அங்கே செங்குத்தான இரும்பு ஏணிப்படிகள் என்று யாரும் எங்களிடம் சொல்லவில்லை. இடைத்தரகு வேலை பார்க்கும் ஒரு இணையதளத்தில் பதிவு செய்தது தப்பு. நேரடி விலையைவிட அதிகம் வாங்கிக்கொண்டு, பழங்குடி நில அனுமதிக் கட்டணத்தை அங்கே போய்த் தனியாகக் கட்டச் சொன்னார்கள். இது நவஹோ மக்களின் நிலம், அமெரிக்க தேசியப் பூங்கா பாஸ் இங்கே செல்லாது, வழிகாட்டி இல்லாமல் உள்ளே விடவும் மாட்டார்கள். பயணம் நடத்துகிற நவஹோக்காரர்களிடமே நேராகப் பதிவு செய்யுங்கள். கைப்பை, செல்ஃபி குச்சி எதுவும் கூடாது, தண்ணீர் பாட்டில் போதும்.

வெளியிலிருந்து பார்த்தால் ஒன்றுமே இல்லை, தரையில் ஒரு வெடிப்பு, அவ்வளவுதான். இறங்கினால் உள்ளே பாறை முழுக்கத் துணி உலர்த்திக் காற்றில் அலைவது போல வளைவு வளைவாக, ஆரஞ்சும் ஊதாவுமாக, சில இடத்தில் தோளை ஒடுக்கிக்கொண்டுதான் போக முடியும். எங்கள் வழிகாட்டி என் மகள் வயதுப் பெண். இதையெல்லாம் செதுக்கியது காற்று மட்டுமில்லை, முக்கியமாகத் தண்ணீர் என்று அவள் சொன்னதும் நான் மேலே பார்த்தேன், ஒரு பொட்டு மேகம் இல்லை. மேகம் இங்கே இருக்க வேண்டியதில்லை என்றாள். 1997 ஆகஸ்ட் 12 அன்று பல மைல் தள்ளிப் பெய்த மழை இந்த வெடிப்புக்குள் பாய்ந்து வந்து 11 சுற்றுலாப் பயணிகள் இறந்திருக்கிறார்கள். பாறையில் முடுக்கிய இப்போதைய ஏணிகள், வானிலை எச்சரிக்கை, எல்லாம் அதற்குப் பிறகு வந்தவை.

எனக்கு உடனே மெயினருவிதான் ஞாபகம் வந்தது. மேலே மலையில் பெய்ததென்றால் கீழே வெயிலடித்துக்கொண்டிருக்கும்போதே தண்ணீர் கலங்கி வரும், போலீஸ்காரர் விசில் ஊதி விரட்டுவார், வெளியூர்க்காரர்கள் "மழையே இல்லையே" என்று சண்டைக்கு வருவார்கள். மகளை மொழிபெயர்க்கச் சொல்லி இதை வழிகாட்டிப் பெண்ணிடம் சொன்னேன். அவள் சிரித்துவிட்டு, இங்கேயும் இந்த மாதங்களின் மழைக்கு மான்சூன் என்றுதான் பெயர் என்றாள். தண்ணீர் வற்றிய அருவிக்குள் நடந்து போவதாக நினைத்துக்கொள்ளுங்கள், நம்ம பக்கத்து ஆட்களுக்கு அந்த இடம் இன்னும் நன்றாகப் புரியும். என் மனைவியை ஒவ்வொரு ஏணியிலும் அந்தப் பெண் கைபிடித்துப் பின்பக்கமாக இறக்கிவிட்டாள். முட்டி வலிக்காரர்கள் முன்கூட்டியே மேல் கேன்யனுக்குப் பதிவு செய்துவிடுங்கள்.

மதியம் ஒன்றேகாலுக்குக் கிளம்பினோம். மான்யுமென்ட் வேலியில் நான்கு மணி ஜீப்புக்கு டிக்கெட், இரண்டேகால் மணி நேர ஓட்டம், நிதானமாகப் போகலாம் என்று நினைத்தோம். போய் இறங்கியதும் மருமகன் முகம் மாறிவிட்டது. "மாமா, கார்ல மூணரை, போன்ல நாலரை காட்டுது."

விஷயம் இதுதான். அரிசோனாவில் கோடைக்குக் கடிகாரத்தை ஒரு மணி நேரம் முன்னே தள்ளி வைக்கும் வழக்கம் இல்லை. மான்யுமென்ட் வேலி இருக்கும் நவஹோ நிலம் அரிசோனா, யூட்டா, நியூ மெக்சிகோ மூன்றிலும் பரந்து கிடப்பதால் அவர்கள் தள்ளி வைக்கிறார்கள். பேஜிலோ அரிசோனா நேரம். எங்கள் செங்கோட்டை 1956இல் மாநிலமே மாறிய ஊர், அன்றைக்குக்கூடக் கடிகாரத்தை யாரும் தொடவில்லை. இங்கே ஒரே மாநிலத்துக்குள் ஒரு மணி நேரம் காணாமல் போகிறது. டிக்கெட்டில் நான்கு என்று போட்டிருந்தால் யாருடைய நான்கு என்று கேட்டு வைத்துக்கொள்ளுங்கள். நல்லவேளை, ஜீப்காரர் திட்டாமல் அடுத்த வண்டியில் ஏற்றிவிட்டார். தினமும் யாராவது இப்படி வருவார்கள் போலிருக்கிறது.

17 மைல் மண் ரோடு. வாடகைக் கார் ஒப்பந்தத்தில் மண் ரோட்டில் ஓட்டக் கூடாது என்று இருந்தது, அதனால்தான் ஜீப். திறந்த வண்டி, செம்மண் புழுதி பல்லுக்குள் எல்லாம் போய்விட்டது, துண்டு கட்டாயம் வேண்டும். கட்டைவிரல் தனியாக நிற்கும் கையுறை மாதிரி இரண்டு பாறைகள், சாயங்கால வெயிலில் நிறம் ஏற ஏற யாரும் பேசவில்லை.

சாப்பாடு ஃப்ரை பிரெட். எண்ணெயில் பொரித்த மைதா, பெரிய பூரி என்று வைத்துக்கொள்ளுங்கள். 1864இல் ராணுவம் இந்த மக்களை நியூ மெக்சிகோவுக்கு நடத்திக்கொண்டு போய் அடைத்து வைத்தபோது ரேஷனாகக் கொடுத்த மாவிலும் கொழுப்பிலும் பிறந்த பண்டமாம். 1868இல்தான் ஊர் திரும்ப விட்டார்கள். தேன் ஊற்றிச் சாப்பிட்டால் நன்றாக இருக்கிறது. என் மனைவி மட்டும் இதற்குப் பிரானூர் பார்டர் சால்னா இருந்தால் எப்படி இருக்கும் என்று சொல்லிக்கொண்டே இருந்தாள்.

இருட்டிய பிறகு திரும்பும்போது ரோட்டில் குதிரைகள் குறுக்கே நின்றன, "மாப்பிள்ளை, மெதுவா" என்று வழியெல்லாம் அவள் சொல்லிக்கொண்டே வந்தாள். பெட்ரோல் பங்க் அரிது, டாங்க் நிறைத்துக்கொண்டு கிளம்புங்கள். பேஜ் வந்து சேர்ந்தபோது நவஹோ நேரப்படி பதினொன்று. அறைக் கடிகாரத்தில் பத்து. மதியம் தொலைத்த ஒரு மணி நேரம் திரும்பக் கிடைத்தது, அதைத் தூங்கித் தீர்த்தோம்.