வளவில் டிரம்ஸ்: செட்டிநாட்டு வீட்டு ரெக்கார்டிங் எப்படி?

காரைக்குடிக்குப் பக்கத்தில் பழைய நகரத்தார் வீடு ஒன்றை ரெக்கார்டிங்குக்கு விடுகிறார்கள். வளவு என்னும் நடுமுற்றம், அதைச் சுற்றிய தாழ்வாரம், பட்டாசாலை என்னும் கூடம், இரண்டாங்கட்டில் இரண்டு அறை, மைக் ஒலியைக் கணினிக்குள் எடுக்கும் 16 சேனல் இன்டர்ஃபேஸ், கூடவே ஒரு இன்ஜினியர். மூன்று நாளில் இரண்டு பாட்டு. மிக்ஸ், மாஸ்டரிங், ஆன்லைன் ரிலீஸ் எல்லாம் சேர்த்து ஒரே தொகை. இதுவரை பக்திப் பாட்டும் நாட்டுப்புறப் பாட்டும் பதிவான இடம் இது. ஜப்பானிய ஆல்டர்நேட்டிவ் ராக் சாயலில் ஒரு சிங்கிள் போட நினைக்கும் பேண்டுக்கு இந்த இடம் ஒத்துவருமா என்பதுதான் கேள்வி.

டிரம்ஸுக்கு இதைவிட நல்ல இடம் இந்தப் பக்கத்தில் கிடைப்பது கடினம். கிட்டாருக்குக் கரண்டைச் சரிபார்த்தால் போதும். குரலையும் மிக்ஸையும் மட்டும் அவர்கள் பொறுப்பில் விட்டுவிட்டு ஊருக்குக் கிளம்பிவிடக் கூடாது.

இரண்டு பாட்டு என்ற கணக்கு இந்த வகைக்குச் சரியாகப் பொருந்துகிறது. ஜப்பானில் சிங்கிள் என்றால் ஒற்றைப் பாட்டு என்று பொருளில்லை. தலைப்புப் பாட்டு ஒன்று, 'கப்ளிங்' என்று அவர்கள் சொல்லும் துணைப் பாட்டு ஒன்று, பல நேரம் தலைப்புப் பாட்டின் குரலில்லாத வடிவம் ஒன்று. 1988இல் 8 செ.மீ. குறுந்தட்டாக வந்த காலத்திலிருந்தே ஏறக்குறைய இதுதான் வழக்கம். துணைப் பாட்டு மிச்சம் மீதியைப் போட்டு ஒப்பேற்றும் இடம் கிடையாது. தலைப்புப் பாட்டில் செய்யத் துணியாததை பேண்ட் அங்கே செய்து பார்க்கும். முதல் பாட்டுக்கே மூன்று நாளையும் செலவழித்துவிட்டு, கடைசி மாலையில் இரண்டாவதை அள்ளித் தெளித்து முடிப்பதுதான் இந்தத் தொகுப்பை எடுப்பவர்கள் பொதுவாகச் செய்யக்கூடிய தவறு. முதல் நாளே இரண்டு பாட்டுக்கும் டிரம்ஸை முடித்துவிட வேண்டும்.

வளவு திறந்த வளவு, மேலே இரும்புக் கம்பி மட்டும். இதுதான் இந்த வீட்டின் பெரிய வரம். மேலே போகிற சத்தம் வானத்தோடு போய்விடுகிறது, திரும்பி வருவதில்லை. பட்டாசாலையில் அப்படியில்லை. முட்டை வெள்ளைக்கரு சேர்த்து மெழுகிய சுண்ணாம்புச் சுவர் கண்ணாடி மாதிரி வழவழப்பாக இருக்கிறது, கீழே ஆத்தங்குடிக் கல், மேலே பர்மாத் தேக்கு. மென்மையான பரப்பு என்று எதுவும் இல்லை. அங்கே டிரம்ஸின் ஸ்னேரை அடித்தால் கார்வை இரண்டு செகண்டுக்கு நிற்கிறது. இந்த வகைப் பாட்டுகளில் 180 பிபிஎம், அதாவது நிமிடத்துக்கு 180 தட்டு வேகம் சாதாரணம். அந்த வேகத்தில் ஒரு தட்டுக்கு 333 மில்லிசெகண்டுதான். ஸ்னேர் இரண்டு தட்டுக்கு ஒருமுறை விழும். அதாவது ஒரு ஸ்னேர் அடியின் கார்வை அடங்குவதற்குள் அடுத்த மூன்று ஸ்னேர் அடி விழுந்திருக்கும். எல்லாம் சேர்ந்து ஒரே இரைச்சலாகிவிடும்.

எனவே டிரம் கிட்டை பட்டாசாலையில் போடாமல் தாழ்வாரத்தில், வளவைப் பார்த்த மாதிரி போடச் சொல்லுங்கள். இன்ஜினியர் முதலில் பட்டாசாலையைத்தான் காட்டுவார், பக்திப் பாட்டுக்கு அந்தக் கார்வை அழகு. இடத்தின் ஒலியை எடுக்கும் ரூம் மைக் இரண்டை எதிர்த் தாழ்வாரத்துத் தூண்களுக்குப் பக்கத்தில், கிட்டிலிருந்து 5 மீட்டரில் வைக்கலாம். இந்த ஊர் வெக்கையில் ஒலி செகண்டுக்கு ஏறக்குறைய 349 மீட்டர் போகும். அப்படியானால் ரூம் மைக்குக்குச் சத்தம் 14 மில்லிசெகண்டு பிந்தி வரும். இதை எடிட்டில் இழுத்து நேர்ப்படுத்த வேண்டாம். அந்தப் பிந்தல்தான் டிரம்ஸுக்கு உடம்பைக் கொடுக்கிறது. கார்வை இன்னும் நீளம் என்று தோன்றினால், ஸ்னேர் அடிக்கும்போது மட்டும் திறந்து 300 மில்லிசெகண்டில் மூடும்படி ரூம் மைக்கில் கேட் போட்டுவிடலாம்.

டிரம்ஸுக்கு மேலே நிற்கும் ஓவர்ஹெட் மைக் வைப்பதில் இங்கே ஒரு நல்ல பழக்கம் இருக்கிறது. கொத்தனார் நூல் ஒன்றை ஸ்னேரின் நடுவில் அழுத்திப் பிடித்து, இடப்பக்க மைக் வரைக்கும் இழுத்து, அந்த இடத்தில் முடிச்சுப் போடுகிறார்கள். அதே நூலை வலப்பக்கம் திருப்பி, முடிச்சு தொடும் இடத்தில் அடுத்த மைக்கை நிறுத்துகிறார்கள். இரண்டுக்கும் தூரம் ஒன்றாக இருந்தால்தான் ஸ்னேர் நடுவில் நிற்கும், மெலிந்தும் போகாது. ஒரு விரல்கடை மாறினாலும் ஹெட்ஃபோனில் தெரிந்துவிடும். பெரிய ஸ்டூடியோக்களில்கூட கண்மதிப்பில் விட்டுவிடும் வேலை இது.

ஆத்தங்குடிக் கல் ஒரு சங்கடம். பேஸ் டிரம்மின் காலில் இருக்கும் ஆணி தரையைக் கீறும் என்று வீட்டுக்காரர்கள் அதைப் பயன்படுத்த விடமாட்டார்கள், அது நியாயம்தான். ஆணி இல்லையென்றால் நாலு மிதியில் டிரம் ஒரு சாண் முன்னால் நகர்ந்துவிடும். உள்ளே வைத்த மைக்கின் தூரமும் அதோடு மாறிவிடும். கனமான ஜமுக்காளம் இரண்டை ஒன்றன்மேல் ஒன்றாக விரித்து, டிரம்முக்கு முன்னால் மணல் மூட்டை ஒன்று வைத்தால் போதும். அங்கே இருப்பது ஒரே ஜமுக்காளம், இன்னொன்றை நீங்கள்தான் கொண்டுபோக வேண்டும். தாழ்வாரத்தில் எதிரெதிர்ச் சுவர்கள் 4 மீட்டர் இடைவெளியில் நிற்பதால் கைதட்டினால் 'டர்ர்' என்று ஒரு படபடப்பு கேட்கும். ஒரு பக்கச் சுவரில் இலவம்பஞ்சு மெத்தையை நிமிர்த்திச் சாய்த்தால் அது நின்றுவிடும். சேலையோ திரைத்துணியோ தொங்கவிட்டுப் பயனில்லை. மெல்லிய துணி சிம்பலின் பளபளப்பைக் கொஞ்சம் குறைக்கும், அவ்வளவே.

பகலில் புறாக்கள் விடாது, இரவு 10 மணிக்கு மேல்தான் வீடு அடங்கும். கோயில் திருவிழா நாளில் தேதி வாங்காதீர்கள், ஸ்பீக்கர் சத்தம் திறந்த வளவுக்குள் நேராக இறங்கும். ஐப்பசி, கார்த்திகையில் மழை. அந்த இரண்டு மாதமும் டிரம்ஸ் பதிவை நம்பிக் கிளம்ப வேண்டாம்.

கிட்டாருக்கு வருவோம். ஜப்பானில் மணிக்கணக்கு வாடகைக்குக் கிடைக்கும் பயிற்சி அறைகளில் 1975இல் வந்த ரோலண்ட் ஜேசி-120 ஆம்ப் ஏறக்குறைய கட்டாயம் இருக்கும், பக்கத்திலேயே ஒரு மார்ஷலும் நிற்கும். இந்த வகை பேண்டுகள் பலவற்றின் கிட்டார் ஒலி ஜேசியின் கண்ணாடி போன்ற சுத்த ஒலியில், ஒலியை மாற்றும் பெடலை மிதித்து வந்ததுதான். நம்பர் கேர்ல் பேண்டில் முகாய் ஷூதோகுவின் டெலிகாஸ்டரும் தபுச்சி ஹிசாகோவின் ஜாஸ்மாஸ்டரும் ஒன்றையொன்று கிழிப்பதுபோல் நிற்பதைக் கேட்டவர்களுக்கு இது புரியும். இரண்டுமே தந்தியின் அதிர்வை ஒற்றைக் கம்பிச்சுருளால் எடுக்கும் சிங்கிள் காயில் பிக்கப் கிட்டார். சிங்கிள் காயில் என்றால் கரண்டின் 50 ஹெர்ட்ஸ் ரீங்காரத்தையும் சேர்த்து வாங்கிக்கொள்ளும்.

இந்த வீட்டில் ஜேசி இல்லை, சிறிய சாலிட் ஸ்டேட் ஆம்ப் ஒன்று இருக்கிறது. சுத்த ஒலிக்கு மோசமில்லை. ரெக்கார்டிங்குக்கென்று கரியும் உப்பும் போட்டுத் தனியாக எர்த் குழி எடுத்திருக்கிறார்கள், அதைப் பாராட்ட வேண்டும். நியூட்ரலுக்கும் எர்த்துக்கும் இடையில் மீட்டரை வைத்தால் 2 வோல்ட்டுக்குக் கீழே இருக்க வேண்டும், இருக்கிறது. சிக்கல் கரண்டு போனதும் தொடங்குகிறது. பேக்கப்புக்கு வைத்திருப்பது ஸ்கொயர் வேவ் இன்வெர்ட்டர். கரண்டு போன நொடியில் சிங்கிள் காயிலில் வண்டு புகுந்தாற்போல் கரகரப்பு வந்துவிடுகிறது, எந்த ஃபில்டரிலும் முழுதாகப் போகாது. சைன் வேவ் இன்வெர்ட்டர் வைக்கும்வரை, கரண்டு போனால் கிட்டாரைக் கீழே வைத்துவிட்டு டீ குடிக்கப் போவதே நல்லது.

ஜப்பானிலிருந்து பழைய பெடல் வரவழைப்பவர்கள் கவனிக்க வேண்டியது ஒன்று. அங்கே வீட்டுக் கரண்டு 100 வோல்ட், நமக்கு 230. கூட வரும் அடாப்டர் 100 வோல்ட்டுக்கு மட்டுமானது என்றால் இங்கே செருகியதும் புகைந்துவிடும். பெடல் பெரும்பாலும் 9 வோல்ட், நடுமுனை நெகட்டிவ். உள்ளூரில் அதே வகை அடாப்டர் வாங்கிக்கொள்ளுங்கள். கன்வெர்ஷன் பிளக் முனையை மட்டும்தான் மாற்றும், வோல்ட்டேஜை மாற்றாது.

இனி குரல். பாட்டின் அமைப்பை இன்ஜினியருக்கு முதலில் எழுதிக் கொடுத்துவிடுங்கள். நம்மில் பல்லவி முன்னால் வரும். அவர்களிடம் ஏ-மெலோ, பி-மெலோ என்று இரண்டு படி ஏறிய பிறகுதான் 'சாபி' என்னும் உச்சப் பகுதி வெடிக்கும். கடைசிச் சாபிக்கு முன்னால் பெரும்பாலும் 'ஒச்சி-சாபி' என்று ஒன்று வரும். டிரம்ஸ் நின்று, ஒரே கிட்டாரும் குரலும் மட்டும் மெல்ல ஓடும், பிறகு எல்லாம் ஒரேயடியாக விழும். பட்டாசாலையின் இரண்டு செகண்டு கார்வைக்கு இடம் இங்கேதான். இந்தப் பகுதியை மட்டும் அங்கே நின்று பாடிப் பதிவு செய்தால் எந்த ரிவெர்ப் பிளக்-இன்னும் பக்கத்தில் நிற்காது.

மற்ற வரிகளை இரண்டாங்கட்டு அறையில் பதிவு செய்கிறார்கள். சின்ன அறை, கெட்டிச் சுவர், 300 ஹெர்ட்ஸ் பக்கம் குரல் பெட்டிக்குள் இருந்து வருவதுபோல் ஒலிக்கிறது. பாடுபவர் முதுகுக்குப் பின்னால் மெத்தை வைத்து, அறையின் நட்ட நடுவில் நிற்காமல் ஓரடி தள்ளி நின்றால் பாதி சரியாகும். மீதியை மிக்ஸில் 2, 3 டெசிபல் குறைக்கலாம்.

தமிழ் வரி எழுதுபவர்கள் ஜப்பானிய மெட்டை ஸ்வரத்துக்கு ஸ்வரம் பின்பற்றினால் நாக்கு சிக்கும். ஜப்பானிய மொழியில் ஒவ்வோர் அலகுக்கும் ஏறக்குறைய சம நேரம், தனியாக நிற்கும் 'ன்'னுக்கும் முழு அலகு உண்டு. தமிழில் ஒற்றுக்கு அரை மாத்திரைதான். அவர்கள் 'ன்'னில் ஒரு ஸ்வரம் வைத்த இடத்தில் நாம் மெய்யெழுத்தை வைத்தால் பாடுபவர் அதை இழுக்க முடியாமல் ஓர் உகரத்தை ஒட்டுவார், 'அவன்' என்பது 'அவனு' ஆகிவிடும். சாபியின் வரிமுடிவில் ஆகார, ஓகார நெடில் வரும்படி எழுதினால் குரல் தானாகத் திறக்கும். வேகமான ஏ-மெலோவில் 'க்க', 'ட்ட', 'ற்ற' போன்ற இரட்டிப்புகளைத் தட்டின் மேல் உட்கார வையுங்கள். தமிழுக்கு அங்கே ஒரு துள்ளல் கிடைக்கும்.

மிக்ஸில்தான் இந்த இடம் சறுக்குகிறது. இன்ஜினியருக்குக் காது நன்றாக இருக்கிறது, ஆனால் குரலை எல்லாவற்றுக்கும் மேலே ஏற்றி வைத்துத்தான் பழக்கம். முதல் மிக்ஸில் குரல் 3 டெசிபலாவது அதிகம். கிட்டார் இரண்டும் நடுவுக்கு வந்து ஒடுங்கிவிடுகின்றன. ஒன்றை முழுக்க இடப்பக்கமும் மற்றதை முழுக்க வலப்பக்கமும் தள்ளச் சொல்லுங்கள். குரலைக் கிட்டாரின் நடுவில் நிற்கும் அளவுக்கு இறக்கச் சொல்லுங்கள், வரி புரியாமல் போகும் அளவுக்கு வேண்டாம். 'திருத்தம் இரண்டு முறை' என்பது ஒப்பந்தத்தில் இருக்கிறது, இரண்டையும் பயன்படுத்துங்கள். மாஸ்டரிங்கை -7 லஃப்ஸ் (பாட்டின் சராசரி உரப்பை அளக்கும் அலகு) வரை இடித்துத் தருகிறார்கள். ஸ்பாட்டிஃபை வழக்கமாக அதை -14க்கு இறக்கித்தான் ஒலிக்கவிடும், நசுங்கிய ஸ்னேர் மட்டும் மிச்சமாகும். -10 பக்கம், உச்சம் -1 டெசிபலுக்குள் என்று கேட்டு வாங்கினால் வளவின் காற்று பாட்டில் இருக்கும்.

ரிலீஸ் சேவை சுமார்தான். குரலில்லாத வடிவத்துக்கும் தனி ஐஎஸ்ஆர்சி எண் (ஒவ்வொரு பதிவுக்கும் உரிய அடையாள எண்) வேண்டும், தலைப்புப் பாட்டின் எண்ணையே அதற்கும் போட்டுவிடுகிறார்கள். அனுப்பும் முன் படிவத்தை வாங்கிப் பாருங்கள். பேண்ட் பெயரை ஒரு பாட்டில் தமிழிலும் இன்னொன்றில் ஆங்கிலத்திலும் கொடுத்தால் இரண்டு தனிப் பக்கமாகப் பிரிந்துவிடும். அட்டைப்படம் 3000 பிக்சல் சதுரம். ஜப்பானில் குறுந்தட்டு வெளியாவது வழக்கமாகப் புதன்கிழமை. உலகின் பெரும்பகுதிக்கு 2015 ஜூலையிலிருந்து வெள்ளிக்கிழமை. ஆன்லைனில் மட்டும் போடுபவர்கள் வெள்ளிக்கே போங்கள். எந்த நாளானாலும் நான்கு வாரம் முன்னால் கோப்புகளை அனுப்ப வேண்டும். ஸ்பாட்டிஃபை பிளேலிஸ்ட்டுக்கு விண்ணப்பிக்கக் குறைந்தது ஏழு நாள் தேவை. இவர்கள் சொல்லும் 'பத்து நாளில் ரிலீஸ்' என்பதில், கோப்பு போய்ச்சேரும் நாளைக் கழித்தால் அதற்கு இடம் மிஞ்சுவது சந்தேகம்.

கடைசி நாள் கிளம்பும்போது மாஸ்டரை மட்டும் பென்டிரைவில் தந்து அனுப்புவார்கள். 24 பிட் வேவ் கோப்பாக ஒவ்வொரு டிராக்கையும், ரூம் மைக் இரண்டையும் தனித்தனியாக, முதல் செகண்டிலிருந்து தொடங்கும்படி எடுத்துத் தரச் சொல்லுங்கள். கேட்டால் மறுக்காமல் தருகிறார்கள், கூடுதல் கட்டணமும் இல்லை. இரண்டு பாட்டுக்கும் சேர்த்துச் சில ஜிபி வரும், ஹார்டு டிஸ்க்கோடு போங்கள்.