விசிட்டர் விசாவில் கனடா போய் பிஆர் (நிரந்தர வதிவிட உரிமை) எடுக்கலாம் என்று காசு கேட்கிறார்களா?

திருகோணமலையில் கனடா போக முயற்சி செய்கிறவர்கள் இதைக் கட்டாயம் வாசியுங்கள். டவுனில் போர்டு போட்டு நடத்தும் ஒரு விசா அலுவலகம் என் தம்பியிடம் 9 லட்சம் ரூபாய் வாங்கியது. காசு போனது ஒரு பக்கம். இப்போது கனடா போக அவனுக்கு 5 வருடத் தடையும் விழுந்திருக்கிறது. மூதூர், கிண்ணியாவில் இருந்தும் பொடியன்கள் அங்கே ஃபைலோடு இருந்ததைக் கண்டேன், அதனால்தான் எழுதுகிறேன்.

"விசிட்டர் விசா எடுத்துத் தாறம். போய் இறங்கின பிறகு அங்கேயே வேலை விசாவாக மாத்தலாம், பிறகு பிஆர்" என்றார்கள். கோவிட் காலத்தில், 2020 ஆகஸ்ட்டில், கனடாவில் இருக்கும் விசிட்டர்கள் வேலை கிடைத்தால் அங்கிருந்தபடியே வேலை அனுமதிக்கு விண்ணப்பிக்கலாம் என்று ஒரு தற்காலிகச் சலுகை வந்தது உண்மை. அதை 2024 ஆகஸ்ட் 28 அன்று நிறுத்திவிட்டார்கள். தம்பியிடம் இவர்கள் காசு வாங்கியது 2025இல்.

விண்ணப்பக் கணக்கைத் தங்கள் மின்னஞ்சலில் திறந்தார்கள். பாஸ்வேர்டு கேட்டால், "அது ஒஃபிஸ் ரூல் தம்பி." காசு வாங்கி விண்ணப்பம் போடுகிறவர் யார் என்பதை ஐஎம்எம் 5476 படிவத்தில் காட்ட வேண்டும், அதைப் போடவே இல்லை. கைரேகை கொடுக்க இரவு ரயிலில் கொழும்புக்குப் போகும்போதுகூட, "கேட்டால் நீங்களே நிரப்பினதாகச் சொல்லுங்கோ" என்று சொல்லி அனுப்பினார்கள். அம்மாவுக்கு அப்போதே மனது சரியில்லை.

அப்புறம் நிராகரிப்பு. "எல்லாருக்கும் நடக்கிறதுதான், திரும்பப் போடலாம்" என்று இன்னும் ஒன்றரை லட்சம் கேட்டார்கள். கனடாவில் இருக்கும் மாமாவின் மகன் 5 டொலர் கட்டி, விண்ணப்பத்தைப் பற்றி அதிகாரிகள் எழுதிய கோப்புக் குறிப்புகளை எடுத்துத் தந்த பிறகுதான் விசயம் வெளியே வந்தது. தம்பிக்குக் கணக்கே இல்லாத ஒரு வங்கியில் இருந்து, அவன் பெயரில் ஒரு மீதிக் கடிதம்! அதற்கு விளக்கம் கேட்டு வந்த கடிதமும் அந்த மின்னஞ்சலுக்கே போயிருக்கிறது, பதில் போக‌வில்லை. பொய்த் தகவல் என்று முடிவாகிவிட்டது. விண்ணப்பம் அவன் பெயரில் என்பதால் தடையும் அவனுக்குத்தான்.

காசைத் திருப்பிக் கேட்டபோது பற்றுச்சீட்டைப் பார்க்கச் சொன்னார்கள். "கல்வி ஆலோசனைக் கட்டணம், மீளளிக்கப்படமாட்டாது" என்று இருக்கிறது. கனடா என்ற பேச்சே அதில் இல்லை. பொலிஸில் முறைப்பாடு கொடுத்திருக்கிறோம்.

கனடா குடிவரவுக்குக் காசு வாங்கி ஆலோசனை சொல்ல, அங்கே பதிந்த சட்டத்துறையினருக்கும் குடிவரவு, குடியுரிமை ஆலோசகர் கல்லூரியின் (படிக்கும் கல்லூரி அல்ல, ஆலோசகர்களுக்கு உரிமம் கொடுக்கும் அமைப்பு) உறுப்பினர்களுக்கும்தான் அனுமதி. அந்தக் கல்லூரியின் பதிவேட்டில் பெயரை அடித்து யாரும் பார்க்கலாம். வேலைக்கு அனுப்புகிறோம் என்றால் வெளிநாட்டு வேலைவாய்ப்புப் பணியகத்தின் உரிமம் வேண்டும், 1989க்கு அழைத்துக் கேளுங்கள். எல்எம்ஐஏக்கு (வெளிநாட்டவரை வேலைக்கு எடுக்க கனடா முதலாளி வாங்கும் ஒப்புதல்) உங்களிடம் விலை சொன்னால் எழுந்து வந்துவிடுங்கள். அதற்கான 1000 டொலரை முதலாளிதான் கட்ட வேண்டும், தொழிலாளியிடம் அறவிடக் கூடாது. திறமையான தொழிலாளர்கள் பிஆருக்குப் பெயர் பதியும் இணைய முறையான எக்ஸ்பிரஸ் என்ட்ரியில் பெயர் பதியக் காசே இல்லை. ஆங்கிலப் பரீட்சைக்கும் படிப்புச் சான்று மதிப்பீட்டுக்கும் நீங்களே நேரே கட்டலாம்.

ஏற்கெனவே எங்காவது காசு கட்டியிருந்தால், கணக்கின் மின்னஞ்சலையும் பாஸ்வேர்டையும் இன்றைக்கே கேட்டு வாங்குங்கள். தர மறுத்தால், உங்கள் பெயரில் போட்ட விண்ணப்பத்தின் முழுப் பிரதியையாவது வாங்கிப் பக்கம் பக்கமாகப் பாருங்கள், வங்கிக் கடிதத்தை முதலில்.