அதிகாலை நான்கு மணிக்குக் கத்தும் பூனைக்குட்டிக்கு எந்த ஃபீடர்?

இரவு ஒரு மணிக்குக் கால் விரலைக் கடித்து, நான்கு மணிக்கு மார்பில் ஏறி உட்கார்ந்து தீனி கேட்கும் குட்டி வீட்டில் இருந்தால், குறித்த மணிக்குத் தானே தீனி போடும் ஆட்டோமேட்டிக் ஃபீடர் வாங்கலாமா என்ற கேள்வி வரும். வாங்கலாம். குட்டி கத்தினால் விளக்கு எரியும், விளக்கு எரிந்தால் கிண்ணம் நிறையும் என்று ஒருமுறை கற்றுக்கொண்டால் லேசில் விடாது. அது போட்டுவைத்த அந்த முடிச்சை அவிழ்ப்பதுதான் ஃபீடரின் வேலை. இயந்திரம் கத்தலுக்குக் காது கொடுக்காது, மணியைத்தான் பார்க்கும். அந்தக் குணத்துக்குத்தான் பணம் கொடுக்கிறோம் என்பதை மனதில் வைத்துக்கொண்டு பார்த்தால், எது தேவை, எது வீண் என்பது தெரிந்துவிடும்.

சிலர் இப்போதைக்கு வாங்கவே வேண்டாம். நான்கு வாரம் ஆகாத குட்டிக்குப் பூனைக்குட்டிகளுக்கான பால்மாவை இரண்டு முதல் நான்கு மணி நேரத்துக்கு ஒருமுறை நீங்களே புகட்ட வேண்டும். அது இரவில் கத்துவது நியாயமான பசி. தாயிடமிருந்து பிரித்துக் கொண்டுவந்த முதல் மூன்று நான்கு இரவுகளில் கத்துவது தனிமை. அப்போது படுக்கையறையிலேயே ஒரு அட்டைப் பெட்டியில் பழைய துணி விரித்துப் படுக்கவிடுங்கள். எவ்வளவு தின்றும் பசி அடங்காமல் வயிறு மட்டும் உப்பியிருந்தால் குடற்புழுவாக இருக்கலாம், கால்நடை மருத்துவரிடம் காட்ட வேண்டும். நான்கைந்து மாதப் பெண் குட்டி இரவெல்லாம் ஊளையிட்டு, தரையில் உருண்டு, பின்பக்கத்தைத் தூக்கினால் அது பருவத்துக்கு வந்துவிட்டது. கருத்தடை அறுவைதான் வழி. எந்தக் குட்டியானாலும் மண் தட்டுக்குத் திரும்பத் திரும்பப் போய், சிறுநீர் வராமல் கத்தினால், விடியும் வரை காத்திருக்காமல் உடனே மருத்துவரிடம் கொண்டுபோக வேண்டும்.

கடைகளில் நான்கு வகை கிடைக்கின்றன. மேலே டப்பா, கீழே கிண்ணம், காலியாகக் காலியாகத் தானே கொட்டும் வகைதான் விலை குறைவு. அதில் நேரமும் கிடையாது, அளவும் கிடையாது. நாள் முழுக்கத் திறந்து கிடக்கும் தீனி நம்மூர் ஈரக் காற்றில் நமுத்து வாசம் போய்விடும், குட்டி அதை முகர்ந்துவிட்டு உங்களிடமே வரும். இதைத் தவிர்த்துவிடலாம். இரண்டு கிண்ணமும் முள் திருகும் டைமரும் கொண்ட வகை எளிமையானது, பேட்டரியில் ஓடும். ஆனால் முள்ளைத் திருகி வைக்கும் நேரம் கால் மணி முன்னே பின்னே போகும். மூடியின் விளிம்பில் நகம் நுழையும் அளவு இடைவெளி இருந்தால், கெட்டிக்காரக் குட்டி அதை நெம்பித் திறந்துவிடும். கடையில் பார்க்கும்போதே மூடியின் ஓரத்தில் விரல் நகத்தை விட்டுப் பாருங்கள்.

சுழலும் தட்டு வகையில் ஐந்து அல்லது ஆறு அறைகள் இருக்கும். மூடியில் உள்ள ஒரே திறப்புக்கு நேரே, குறித்த மணிக்கு அடுத்த அறை வந்து நிற்கும். பவுச் தீனி, அதாவது சின்னப் பையில் வரும் ஈரத் தீனி, வைக்க வேண்டுமென்றால் இதுதான் வழி. கேட் மேட் சி500 இந்த வகையில் பலகாலமாக விற்கும் மாடல். ஐந்து அறைகள், ஒவ்வொன்றிலும் 330 கிராம் வரை கொள்ளும், அடியில் வைக்க இரண்டு ஐஸ் பேக், மூன்று ஏஏ பேட்டரி. மின்சாரமே தேவையில்லை என்பது பெரிய நிம்மதி. பவுச் தீனியை அறை வெப்பத்தில் இரண்டு மணி நேரத்துக்கு மேல் விடக் கூடாது, 32 டிகிரியைத் தாண்டினால் ஒரு மணி நேரம்தான் கணக்கு. ஆகவே அரை பவுச்சை முன்கூட்டியே ஃப்ரீசரில் கட்டியாக உறைய வைத்து, ஐஸ் பேக்கோடு இரவு பதினொரு மணிக்கு உள்ளே வையுங்கள், நான்கு மணிக்குள் இளகிவிடும். ஏசி இல்லாத அறையில் சித்திரை, வைகாசி இரவுகளில் அதுவும் வேண்டாம், உலர் தீனியோடு நிறுத்திக்கொள்ளுங்கள்.

பெரும்பாலானவர்கள் வாங்குவது டப்பாவிலிருந்து அளந்து கொட்டும் நான்காவது வகை. அடியில் ரப்பர் இதழ்கள் கொண்ட சக்கரம் சுற்றி, ஒரு பங்கு தீனியைக் குழாய் வழியே கிண்ணத்தில் தள்ளும். இதில் தவறு நடக்கும் இடங்கள் பல. முதலாவது அளவு. இயந்திரம் எடை பார்ப்பதில்லை, சக்கரத்தின் ஓர் அறை கொள்ளும் கொள்ளளவைத்தான் தள்ளுகிறது. தீனி பொடியாக இருந்தால் எடை கூடும், பெரிதாக இருந்தால் குறையும். பெட்டியில் ஒரு பங்கு 10 கிராம் என்று போட்டிருப்பதை நம்ப வேண்டாம். டப்பாவைப் பாதி நிரப்பி, பத்துப் பங்கு விழவைத்து, சமையலறைத் தராசில் நிறுத்துப் பத்தால் வகுங்கள். வேறு தீனிக்கு மாறும்போதெல்லாம் இதைத் திரும்பச் செய்ய வேண்டும். ஒரு பங்கு 6 கிராமைத் தாண்டும் இயந்திரம் குட்டிக்குச் சரிப்படாது, அதன் ஒரு நேரச் சாப்பாடே 8, 10 கிராம்தான்.

இரண்டாவது, அடைப்பு. முக்கோணமாகவும் நட்சத்திரமாகவும் இருக்கும் பெரிய தீனி சக்கரத்தில் சிக்கும். உருண்டையோ தட்டையோ, ஒரு சென்டிமீட்டருக்குள் இருப்பது நல்லது. ஐப்பசி, கார்த்திகை மழைக்காலத்தில் தீனியின் மேலுள்ள கொழுப்பும் ஈரமும் சேர்ந்து பொடி ஒட்டிக்கொள்ளும், சக்கரம் வெறுமனே சுற்றும். அந்த மாதங்களில் நான்கு நாளைக்கு வேண்டியதை மட்டும் நிரப்புங்கள், டப்பாவுக்குள் வைக்கும் ஈரம் உறிஞ்சும் பொட்டலத்தை மாதம் ஒருமுறை மாற்றுங்கள். வாரம் ஒருநாள் சக்கரத்தைக் கழற்றிக் கழுவி, முழுக்கக் காய்ந்த பிறகே மாட்டுங்கள். கொஞ்சம் ஈரம் மிஞ்சினாலும் பூஞ்சை பிடிக்கும்.

மூன்றாவது, திருட்டு. குட்டியின் கை மெலிது. குழாய் நேராக இறங்கினால் உள்ளே கைவிட்டுச் சக்கரத்தைத் தட்டித் தட்டித் தீனியை எடுத்துவிடும். குழாய் வளைந்தோ, வாயில் ஒரு மடிப்பு மூடி வைத்தோ இருக்கிறதா என்று பாருங்கள். கிண்ணம் ஸ்டீலாக இருக்கட்டும். பிளாஸ்டிக் கிண்ணத்தால் சில பூனைகளுக்கு மோவாயில் கரும்புள்ளிகள் வரும்.

நான்காவது, மின்வெட்டு. அடாப்டரோடு பேட்டரியும் போடும் வசதி இல்லாத ஃபீடரைத் தொடவே வேண்டாம். வாங்கிய முதல் வாரத்திலேயே, திருப்பித் தரும் காலம் முடிவதற்குள், இரண்டு சோதனை செய்யுங்கள். ஒன்று, அடாப்டரைப் பிடுங்கிவிட்டு அடுத்த வேளை தீனி விழுகிறதா, கடிகாரம் 12:00-க்குத் திரும்பிவிடுகிறதா என்று பார்ப்பது. இரண்டு, செயலி வைத்து இயக்கும் ஃபீடரானால் வைஃபை ரவுட்டரை அணைத்துவிட்டுப் பார்ப்பது. நேர அட்டவணை இயந்திரத்துக்குள்ளேயே பதிவாகியிருந்தால் தீனி விழும். இணையம் இல்லாமல் விழாதென்றால் திருப்பிக் கொடுத்துவிடுங்கள். வயரைக் குட்டி கடிக்கும். எலக்ட்ரிக் கடையில் கிடைக்கும் மெல்லிய பிவிசி குழாயில் ஒரு மீட்டர் வாங்கி வயரை உள்ளே விட்டுவிடலாம்.

குரல் பதிவு வசதியைப் பெரிதாக விளம்பரம் செய்கிறார்கள். அதை அணைத்துவிடுங்கள். நான்கு மணிக்கு உங்கள் குரல் “வாடா தங்கம்” என்று கூப்பிட்டுத் தீனி விழுந்தால், நாம் அவிழ்க்க நினைத்த முடிச்சை இயந்திரமே இறுக்கிவிடும். மோட்டார் சத்தமே போதும், நாலைந்து நாளில் குட்டி அதைப் புரிந்துகொள்ளும். ஃபீடரைப் படுக்கையறையிலிருந்து எட்ட, வீட்டின் மறுகோடியில் வையுங்கள். குட்டி உங்கள் தலையணையை விட்டுவிட்டு ஃபீடர் முன்னால் போய்க் காத்திருக்கத் தொடங்கினால் வேலை நடக்கிறது என்று அர்த்தம்.

எறும்பு வராமல் இருக்க, அகலமான தட்டில் ஒரு சென்டிமீட்டர் தண்ணீர் ஊற்றி, நடுவில் செங்கல் வைத்து அதன்மேல் ஃபீடரை நிறுத்துங்கள். தண்ணீரைத் தினமும் மாற்ற வேண்டும். எறும்புச் சாக்பீஸும் எறும்புப் பொடியும் பூனை நடமாடும் இடத்தில் கூடவே கூடாது. அவற்றில் பெரும்பாலும் இருக்கும் பைரித்ராய்டு வகைப் பூச்சிமருந்துகளைப் பூனையின் ஈரலால் சரியாக முறிக்க முடியாது. காலில் ஒட்டியதை நக்கினாலே நடுக்கமும் வலிப்பும் வரலாம்.

அளவுக்கு ஒரு கணக்கு. மூன்று மாதம், 1.2 கிலோ எடையுள்ள குட்டிக்கு ஒரு நாளைக்குச் சுமார் 200 கிலோகலோரி தேவை. கிராமுக்கு 4 கிலோகலோரி தரும் குட்டித் தீனி என்றால் 50 கிராம். காலை 8 மணிக்கு 10, பகல் 1 மணிக்கு 10, மாலை 7 மணிக்கு 10, இரவு 11 மணிக்கு 12, விடிகாலை 8 கிராம் என்று பிரிக்கலாம். இரவுச் சாப்பாட்டை நீங்களே கையால் வையுங்கள், மற்றதை ஃபீடரிடம் விடுங்கள். பால் சோறு வைத்தால் தூங்கிவிடும் என்று சொல்வார்கள். பால்குடி மறந்த குட்டிகள் பலவற்றுக்குப் பாலில் உள்ள சர்க்கரை செரிக்காது, வயிற்றுப்போக்கு வரும். பால் சோற்றில் இறைச்சியும் கிடையாது. பூனைக்கு அவசியமான டாரின் என்ற சத்து முக்கியமாக இறைச்சியிலிருந்துதான் கிடைக்கும், அது குறைந்தால் பூனையின் இதயத் தசை பலவீனமாகும் என்பது 1987-இல் வெளியான ஆய்விலேயே தெளிவாகிவிட்டது.

விடிகாலை வேளையை எத்தனை மணிக்கு வைப்பது என்பதில்தான் பலர் சறுக்குகிறார்கள். குட்டி வழக்கமாக 4:30-க்கு எழுப்பினால் ஃபீடரை 4 மணிக்கு வையுங்கள். 5 மணிக்கு வைத்தால் அரை மணி நேரம் கத்தியதற்குக் கிடைத்த பரிசு என்று அது எடுத்துக்கொள்ளும். தொடர்ந்து ஐந்து இரவு கத்தாமல் கழிந்தால் கால் மணி நேரம் தள்ளுங்கள், மறுபடி ஐந்து இரவு. கத்தல் திரும்பினால் ஒரு படி பின்னால் வாருங்கள்.

கவனம் கேட்டுக் கத்துவதை எந்த ஃபீடரும் தீர்க்காது. பூனை அந்தியிலும் விடியலிலும் சுறுசுறுப்பாக இருக்கும் பிராணி. மாலை முழுக்கத் தூங்கவிட்டால் நள்ளிரவில் ஓடும். மாலை 7 மணிக்கு ஒருமுறை, இரவு 10:30-க்கு ஒருமுறை, குச்சியில் கயிறால் கட்டிய இறகை வைத்துப் பதினைந்து நிமிடம் துரத்தவிடுங்கள். கடைசியில் அதைப் பிடிக்கவிட வேண்டும், அதனால்தான் லேசர் விளக்கு போதாது. ஆட்டம் முடிந்ததும் கயிறை எடுத்துப் பூட்டி வையுங்கள், விழுங்கினால் குடலைச் சுருட்டும். பிடித்த கையோடு 11 மணிச் சாப்பாடு. வேட்டையாடி, தின்று, உடம்பை நக்கிச் சுத்தம் செய்து, தூங்குவது அதன் இயல்பான வரிசை.

அதன் பிறகும் கத்தினால் அசையாமல் படுத்திருங்கள். திட்டுவதும் தள்ளிவிடுவதும்கூடக் கவனிப்புதான். முதல் சில இரவுகளில் கத்தல் குறையாது, கூடும். அந்த நேரத்தில்தான் பலர் தோற்றுப்போய் எழுகிறார்கள். பத்துத் தடவைக்கு ஒருமுறை எழுவார்கள் என்று தெரிந்துவிட்டால் குட்டி பதினொன்றாவது தடவையும் கத்தும். வீட்டில் எல்லோரும் ஒரே முடிவில் இருக்க வேண்டும், பாட்டி மட்டும் இரகசியமாக எழுந்து ஒரு கை தீனி போட்டால் எல்லாம் முதலிலிருந்து.

ஆறு மாதம் தாண்டியதும் விடிகாலை வேளையை எடுத்துவிட்டு, அந்தப் பங்கை 11 மணிச் சாப்பாட்டோடு சேர்த்துவிடலாம். ஃபீடரை அப்போதும் விற்றுவிடாதீர்கள், காலைத் தீனியை அதுவே போடட்டும்.