கடைமடையில் மீன் வளர்ப்பு: இறால் பண்ணையா, கெண்டைக் குளமா?

காவிரிப் படுகையின் கடைமடையில் நிலம் வைத்திருப்பவர்கள் மீன் வளர்ப்பு என்றதும் பெரும்பாலும் வனாமி இறால் பண்ணையையோ, நன்னீர்க் குளத்தில் கூட்டுமீன் வளர்ப்பையோ எண்ணுகிறார்கள்.

கூட்டுமீன் வளர்ப்பில் கெண்டை இனங்களான கட்லா மேல்மட்டத்திலும், ரோகு நடுமட்டத்திலும், மிர்கால் அடிமட்டத்திலும் இரை தேடுவதால் குளத்தின் இயற்கை உணவு வீணாவதில்லை. சாணமிட்டு நுண்பாசி வளரச் செய்து நீரைப் பச்சையாக்கி, தவிட்டையும் கடலைப் புண்ணாக்கையும் கொடுத்து வரலாம். விடியற்காலையில் மீன்கள் நீர்மட்டத்துக்கு வந்து வாயைத் திறந்து திறந்து மூடினால் ஆக்சிஜன் குறைந்துவிட்டது என்று பொருள். அன்று சாணத்தை நிறுத்திப் புதுநீர் பாய்ச்ச வேண்டும். அறுவடைக்குப் பின் சத்தேறிய அந்நீரை வயலுக்கே பாய்ச்சலாம், வண்டலும் உரமாகும்.

இறாலில் வருமானம் கூடுதல்தான், மறுக்கவில்லை. ஆனால் மீன்தூள் கலந்த தீவனம், ஓயாமல் சுழலும் காற்றூட்டிகள், பக்கத்து வயலில் ஏறும் உப்பு ஆகியவற்றையும் கணக்கில் சேர்க்க வேண்டும். சர்வோதயத் தலைவர் ஜெகந்நாதன் தொடுத்த வழக்கில் உச்ச நீதிமன்றம் 1996-இல் கடலோர ஒழுங்குமுறை மண்டல (கடற்கரையை ஒட்டிய, கட்டுப்பாடுகள் உள்ள பகுதி) இறால் பண்ணைகளுக்குத் தடை விதித்தது. பின்னர், கடலோர மீன், இறால் வளர்ப்புக்கான 2005-ஆம் ஆண்டுச் சட்டம் பதிவு பெற்ற பண்ணைகளுக்கு இடமளித்தது. உவர்நிலத்தில், கழிவுநீரைத் தேக்கித் தெளியவைத்து வெளியேற்றுவதானால் இறாலை ஏற்கலாம்.

நெல் விளையும் மண்ணுக்கு என் தேர்வு கெண்டைக் குளமே; அதிலும், தடை செய்யப்பட்ட ஆப்பிரிக்கக் கெளுத்தியை விடக்கூடாது, வாய்க்காலுக்குத் தப்பினால் நாட்டு மீன் குஞ்சுகளைத் தின்று தீர்த்துவிடும்.