முகூர்த்த நேரத்தில் ஃபிளாஷ் கைவிடாமல் இருக்க எந்த பேட்டரி?

கெட்டிமேளம் கொட்டியாயிற்று. முதல் முடிச்சுக்கு ஃபிளாஷ் அடித்தது, இரண்டாவதுக்கு அடிக்கவில்லை. உள்ளே இருந்தவை, எதிர்க்கடையில் அவசரத்துக்கு வாங்கிய நான்கு டபுள் ஏ (AA) அளவு அல்கலைன் செல்கள். சுவர்க்கடிகாரத்துக்கு வருஷக்கணக்கில் உழைக்கும் ஜாதி அது. ஃபிளாஷ் கேட்பதோ ஒரே மூச்சில் பல ஆம்பியர். அல்கலைனுக்குள் மின்தடை அதிகம்; அவ்வளவையும் சட்டென்று கொடுக்க வராது. 1.5 வோல்ட் என்று அட்டையில் போட்டிருந்தாலும், இழுக்க ஆரம்பித்ததும் இறங்கிவிடும். திரும்பத் திரும்பச் சார்ஜ் ஏற்றக்கூடிய 1.2 வோல்ட் நிக்கல் மெட்டல் ஹைட்ரைடு செல் அதை முந்துவது இதனால்தான்.

அந்த ரகத்திலும் எனக்கு எனிலூப் (eneloop) பிராண்டின் வெள்ளை செல்தான். 2005-ல் சான்யோ கொண்டுவந்தது, இப்போது பானசோனிக் பெயரில் வருகிறது. சார்ஜ் ஏற்றிப் பையில் போட்டு, அடுத்த முகூர்த்த சீசனில் எடுத்தாலும் பெரும்பங்கு அப்படியே இருக்கும். பழைய ரக செல்கள் சும்மா கிடந்தே வடிந்துவிடும்.

கறுப்பு எனிலூப் ப்ரோ? கொள்ளளவு சுமார் 2500 மில்லியாம்பியர்-மணி (mAh), வெள்ளை 2000. கம்பெனி கணக்கிலேயே ப்ரோவின் ஆயுள் 500 சார்ஜ்தான், வெள்ளைக்கு 2100. வாரம் இரண்டு கல்யாணம் எடுப்பவருக்கு அந்தக் கூடுதல் 500 mAh கட்டுப்படியாகாது. இன்னொரு செட் வெள்ளையே வாங்கிவிடலாம்.

யுஎஸ்பி துளையோடு வரும் 1.5 வோல்ட் லித்தியம் செல்லைப் பார்த்து மயங்க வேண்டாம். உள்ளே வோல்டேஜைக் குறைத்துத் தரும் குட்டி சர்க்யூட் இருக்கிறது. திடீரென்று பெரிய கரண்ட் கேட்டால் அது திணறும். கடைசிவரை 1.5 காட்டிவிட்டு, முன்னறிவிப்பே இல்லாமல் படுத்துவிடும். நிக்கல் ஜிங்க் செல் போட்டால் ஃபிளாஷ் அடுத்த அடிக்கு வேகமாகத் தயாராகும், உண்மை. ஆனால் புதிதாகச் சார்ஜ் ஏறிய நான்கு செல் சேர்ந்தால், நாலு 1.5 வோல்ட் செல்லின் 6 வோல்ட்டைத் தாண்டி 7-ஐத் தொடும். என் ஃபிளாஷில் அந்தப் பரீட்சை வேண்டாம்.

புதிதாக ஃபிளாஷே வாங்குகிறீர்களா? அப்படியானால் செல்லுக்குப் பதில் ஒரே லித்தியம் பேட்டரி பேக் உள்ளதைப் பாருங்கள். கோடாக்ஸ் கம்பெனியின் டிடி685 ஃபிளாஷில் நல்ல டபுள் ஏ செல் போட்டால் முழு வீச்சில் சுமார் 230 முறை அடிக்கும், ஒவ்வொன்றுக்கும் 2.6 நொடி வரை காத்திருப்பு. அதே கம்பெனியின் பேக் போட்ட வி860 இரண்டாம் மாடலில் 650 முறை, 1.5 நொடி. ஒரே தொல்லை, பேக் தீர்ந்தால் கிராமத்து மண்டபத்தில் மாற்று கிடைக்காது. இரண்டாவது பேக்கையும் சேர்த்துத்தான் பட்ஜெட் போட வேண்டும்.

டபுள் ஏ-தான் என்றால், ஒவ்வொரு நாலு செல்லுக்கும் மார்க்கரில் அ, ஆ, இ என்று எழுதிவையுங்கள். கலந்து போட்டால், இளைத்த ஒரு செல் மற்ற மூன்றையும் இழுத்துவிடும். தனித்தனியாகச் சார்ஜ் ஏற்றும் நாலு ஸ்லாட் சார்ஜர்தான் வாங்க வேண்டும். ஜோடி ஜோடியாக ஏற்றுவதை எனக்கு ஒருவர் இலவசமாகக் கொடுத்தார், பரணில் கிடக்கிறது.