இடித்த காரை அதே வொர்க்‌ஷாப்புக்கு அனுப்பாதீர்கள்

பிரேக் வேலை முடித்து எடுத்த நான்காம் நாள். பேச்சிப்பாறை போய்விட்டுக் குலசேகரம் திரும்பும் வழியில், ரப்பர் தோட்டத்து இறக்கத்தில் பெடலை மிதித்தேன். அடிவரை போய்விட்டது. பிரேக் ஆயில் இரண்டு தனி லைனில் போவதால் ஒன்று போனாலும் மற்றது கொஞ்சம் பிடிக்கும். அந்தக் கொஞ்சத்தோடு கியரைக் குறைத்து, ஹேண்ட் பிரேக்கையும் இழுத்து, இடது பக்கக் கையாலையில் (தோட்டத்து எல்லைச் சுவரில்) உரசித்தான் வண்டியை நிறுத்தினேன். பின்சீட்டில் இருந்த அம்மாவுக்கு நெற்றியில் மூன்று தையல். அதை நினைத்தால் இப்போதும் எனக்குக் கை நடுங்குகிறது.

இடது முன்சக்கரத்துக்குள்ளிருந்து ஆயில் வடிந்துகொண்டிருந்தது. அந்தச் சக்கரத்தில்தான் பிரேக் ஆயில் போகிற ரப்பர் குழாயை, அதாவது ஹோஸை, மாற்றியிருந்தார்கள். சக்கரத்தின் டிஸ்க்கை இறுக்கி நிறுத்தும் பாகம் காலிப்பர். ஹோஸை அதில் பிடிக்கிற போல்ட்டுக்கு இரண்டு பக்கமும் செம்பு வாஷர் உண்டு. கழற்றினால் புதிது போட வேண்டும். பழையதையே போட்டாலோ, போல்ட்டைச் சரியாக முறுக்காமல் விட்டாலோ, மிதிக்க மிதிக்கக் கசியும்.

நான் செய்த தப்பு இதற்கப்புறம்தான். பதற்றத்தில் அந்த வொர்க்‌ஷாப்காரரையே கூப்பிட்டேன். "பயப்படாதீங்க தம்பி, வண்டியை நானே எடுத்துக்கிடுறேன், ஒரு பைசா வேண்டாம்" என்றார். பல வருடப் பழக்கம், நம்பினேன். மறுநாள் மத்தியானம் போய்ப் பார்த்தால் ஹோஸ், போல்ட், வாஷர் எல்லாம் புதிது. பழையது எங்கே என்றால், பழைய இரும்போடு போய்விட்டதாம். "கையாலையில் இடிச்சதுலதான் ஹோஸ் அறுந்தது" என்று அப்போதுதான் முதல் தடவையாகச் சொன்னார். அடி பட்டதும் அதே மூலை. நான் எதைக் காட்டி மறுப்பேன்?

இன்சூரன்ஸ் சர்வேயர் வந்து பாடி சேதத்தை மட்டும் எழுதினார். பிரேக் ஏன் போனது என்று கேட்டதற்கு, "கழற்றி மாற்றின பிறகு நான் என்ன எழுத?" என்றார். போலீஸுக்கும் நாங்கள் போகவில்லை. வழக்குப் பதிவாகியிருந்தால் மோட்டார் வாகன ஆய்வாளர் வந்து பிரேக்கைப் பார்த்து அறிக்கை கொடுத்திருப்பார். அம்மாவின் தையலுக்காகவாவது போயிருக்க வேண்டும்.

ஆகவே, பிரேக் போய் இடித்தால் முதலில் இன்சூரன்ஸ் கம்பெனிக்குச் சொல்லுங்கள். சர்வேயர் பார்க்கும்வரை ஒரு நட்டைக்கூடத் தொட விடாதீர்கள். வண்டியை இழுத்துப் போக வேண்டியிருந்தால் வேறு ஒரு வொர்க்‌ஷாப்புக்கு இழுங்கள். சாதாரண வேலைக்கு விடும்போதே, மாற்றிய பொருள் ஒவ்வொன்றும் எழுதிய பில்லையும் கழற்றிய பழைய பொருளையும் கேட்டு வாங்குங்கள். எனக்குக் கிடைத்தது "பிரேக் வேலை 6,800" என்று எழுதிய ஒரு துண்டுச் சீட்டு.

அந்தச் சீட்டோடு நாகர்கோவிலில் உள்ள நுகர்வோர் குறைதீர் ஆணையத்துக்கு மனு எழுதிக்கொண்டிருக்கிறேன். 2 வருடத்துக்குள் கொடுக்கலாம்; வேலைக்குக் கொடுத்த பணம் 5 லட்சத்துக்குள் என்றால் கட்டணம் கிடையாது. 1915 என்ற தேசிய நுகர்வோர் உதவி எண்ணில் வழி கேட்கலாம். வக்கீல் முதலில் கேட்டது, அந்த இடத்தில் எடுத்த போட்டோ. என் போனில் நசுங்கிய பம்பர் மட்டும் இருக்கிறது. ஆயில் வடிந்த சக்கரத்தை நான் எடுக்கவில்லை.