அடுப்புக்குப் பின்சுவர்: டைலா, கிரானைட்டா, கண்ணாடியா?

வீடு கட்டுகிறவர்கள் சமையல் மேடைக்குக் கல் தேடிக் கடை கடையாக ஏறி இறங்குவார்கள். மேடைக்கும் மேல் அலமாரிக்கும் நடுவே இருக்கும் இரண்டடிச் சுவரைப் பற்றிப் பேச்சே வராது. குளியலறைக்கு வாங்கியதில் மிஞ்சிய டைல்ஸை ஒட்டினால் போயிற்று என்று விட்டுவிடுவார்கள். கடுகு வெடித்துத் தெறிப்பதும், மிக்ஸி மூடி நழுவிச் சட்னி பறப்பதும், அப்பளம் பொரிக்கிற எண்ணெய்ப் புகை படிவதும் அந்த இரண்டடியில்தான். மேடையைத் தினமும் துடைக்கிறோம். சுவருக்குப் பல வீடுகளில் பொங்கல் வந்தால்தான் விடிவு.

அதனால் இந்தச் சுவருக்குப் பொருள் தேர்ந்தெடுக்கும்போது நான் முதலில் பார்ப்பது நிறத்தையோ பூவேலையையோ அல்ல. டைல்களுக்கு நடுவே எத்தனை அடி இடுக்கு வருகிறது என்பதைத்தான். பளபளப்பான டைலின் முகத்தில் எண்ணெய் ஊறாது, ஈரத்துணிக்கு வந்துவிடும். இரண்டு டைலுக்கு நடுவே பூசிய வெள்ளை சிமெண்ட் அப்படியல்ல. நுண்துளை நிறைந்த அந்தக் கோடு எண்ணெயையும் மஞ்சளையும் சேர்த்து உறிஞ்சிக்கொள்ளும். அதன்மேல் சோப்பு நீரைத் தேய்த்தால் மஞ்சள் சிவந்துவிடும். மஞ்சளில் சுண்ணாம்பு சேர்த்துக் குங்குமம் செய்வதும் இதே வேதியியல்தான்.

ஒரு கணக்குப் போட்டுப் பார்ப்போம். ‘எல்’ வடிவ மேடை, பத்தடியும் ஆறடியுமாகப் பதினாறு அடி நீளம், இரண்டடி உயரம்: 32 சதுர அடி. இதில் ஓரங்குலச் சதுர மொசைக் ஒட்டினால் ஏறத்தாழ 770 அடிக்கு இடுக்கு ஓடும். வெளிநாட்டு வீட்டுப் படங்களைப் பார்த்து இப்போது பலரும் கேட்கிற, செங்கல் அடுக்கியதுபோன்ற 3×6 அங்குல டைலுக்கு 190 அடிக்கு மேல். நம் கடைகளில் சாதாரணமாகக் கிடைக்கும் 12×18 அங்குல டைலுக்கு ஐம்பது அடி சொச்சம். 2×4 அடி டைலைப் படுக்கையாக வைத்தால் நான்கடிக்கு ஒரு நிலைக்கோடு, அடியில் மேடையோடு சேரும் கோடு, அவ்வளவே. மொசைக் அழகுதான், மறுக்கவில்லை. தினமும் தாளிக்கிற வீட்டில் அந்த அழகைப் பல் துலக்கும் பிரஷ் வைத்துக்கொண்டு காப்பாற்றப் போவது யார் என்று வீட்டில் முன்பே பேசி முடிவு செய்துகொள்வது நல்லது.

செராமிக் டைலுக்கும் விட்ரிஃபைடு டைலுக்கும்தான் உண்மையான போட்டி. இரண்டும் பெரும்பாலும் குஜராத்தின் மோர்பியிலிருந்து வருபவை, கடையில் பக்கத்துப் பக்கத்து அடுக்கில் இருப்பவை. வித்தியாசம் முதுகில் இருக்கிறது. சுவருக்கென்று செய்யும் செராமிக் டைலின் உடல் தன் எடையில் பத்து சதவீதத்துக்கு மேல் நீரை உறிஞ்சும். விட்ரிஃபைடு அரை சதவீதம்கூட உறிஞ்சாது. கேட்டவுடன் இரண்டாவதுதான் உயர்ந்தது என்று தோன்றும். தரைக்கு அது சரி. சுவரிலோ நீரை உறிஞ்சும் முதுகுதான் சிமெண்டைப் பற்றிக்கொள்கிறது. செராமிக் டைலை வாளித் தண்ணீரில் ஊறவைத்துச் சிமெண்ட் சாந்தில் ஒட்டுவது பழைய முறை. ஒழுங்காகச் செய்தால் பல்லாண்டு நிற்கும். விட்ரிஃபைடு டைலை அதே சாந்தில் ஒட்டினால் நாளடைவில் தட்டிப் பார்க்கையில் ‘டொக் டொக்’ என்று வெற்றொலி கேட்கும். பிறகு ஒருநாள் கையோடு வந்துவிடும். அதற்கு டைல் பசைதான் வேண்டும். பையின்மேல் ஐ.எஸ். 15477 என்ற தர எண் இருக்கிறதா என்று பார்த்து, சுவருக்கு, விட்ரிஃபைடுக்கு என்று இரண்டையும் சொல்லிக் கேட்டு வாங்க வேண்டும்.

எடை இன்னொரு விஷயம். 2×4 அடி டைல் ஒன்றே பதினைந்து கிலோவை நெருங்கும். அதன் நடுவில் ஸ்விட்ச் பெட்டிக்குச் சதுர ஓட்டை போடும்போது மூலையில் விரிசல் விட்டால் முழு டைலும் வீண். சமையலறைச் சுவரில் மிக்ஸிக்கு, கிரைண்டருக்கு, குளிர்பதனப் பெட்டிக்கு, தண்ணீர் சுத்திகரிப்பானுக்கு என்று ஓட்டைக்குப் பஞ்சமில்லை. செராமிக் மென்மையானது, எளிதாக வெட்டலாம், விலையும் குறைவு. ஆகவே இரண்டடிப் பட்டைக்குப் பளபளப்பான 12×24 அங்குல செராமிக் டைல்தான் என் தேர்வு. மேடையிலிருந்து கூரை வரை முழுச்சுவரும் ஒட்டப்போகிறவர்கள், நல்ல ஆளும் அமைந்தால், விட்ரிஃபைடுக்குப் போகலாம். மேடுபள்ளமான முகப்பு டைல், சொரசொரப்பான மேட் டைல் இரண்டும் அடுப்புக்குப் பின்னால் வேண்டாம். எண்ணெய் அவற்றை விட்டுப் போகாது.

கிரானைட்டுக்கு இடுக்குக் கணக்கில் முதல் மதிப்பெண். மேடைக்கு வாங்கும்போதே கூடுதலாக ஒரு பலகை எடுத்துச் சுவரிலும் ஏற்றிவிட்டால் சூடு, கீறல், புளி, எலுமிச்சை எதற்கும் அஞ்சவேண்டாம். பளிங்குக் கல்லை இந்த வரிசையில் சேர்க்காதீர்கள், புளிக்கரைசல் பட்டால் அதன் மெருகு போய்விடும். கிரானைட்டின் குறை வேறு இடத்தில் இருக்கிறது. கறுப்புக் கல் வெளிச்சத்தைத் தின்னும். ஜன்னல் சிறியதாக உள்ள அடுக்குமாடிச் சமையலறையில் மேடையும் கறுப்பு, சுவரும் கறுப்பு என்றால் பகலிலும் விளக்குப் போட்டுத்தான் அரிசியில் கல் பொறுக்க முடியும். உப்புநீர் ஊர்களில் துடைத்த தடமெல்லாம் வெள்ளைப் படலமாகத் தெரியும். வெளிர்நிறக் கிரானைட்டு எடுத்தால் அதில் சில வகை எண்ணெயை இழுக்கும். மேற்பூச்சு கொடுக்கச் சொல்ல வேண்டும். முக்கால் அங்குலத்தை ஒட்டிய தடிமன் மேடையின் அகலத்திலிருந்துதான் போகும் என்பதும் நினைவிருக்கட்டும்.

கண்ணாடியைப் பற்றி விற்பனையாளர்கள் சொல்வதில் பாதி உண்மை. பின்புறம் வண்ணம் பூசிய ஒரே பலகை, இடுக்கே இல்லை, ஒரு துடைப்பில் சுத்தம். மீதிப் பாதியை நாம்தான் கேட்டு வாங்க வேண்டும். அலமாரிக் கதவுக்குப் போடும் சாதாரண வண்ணக் கண்ணாடி அடுப்புச் சூட்டில் விரிசல் விடக்கூடும். வெப்பத்தில் பதப்படுத்தி உறுதியாக்கிய ‘டஃபண்ட்’ கண்ணாடிதான் வேண்டும். பதப்படுத்திய பிறகு அதை வெட்டவோ துளையிடவோ முடியாது, முயன்றால் பொடிப்பொடியாகிவிடும். ஆகவே ஸ்விட்ச் பெட்டியும் குழாயும் எங்கே என்பது மேடைக்கல் பதித்த பிறகு அளந்து, ஆலைக்குப் போகுமுன் முடிவாகியிருக்க வேண்டும். நாளைக்கு இன்னொரு பிளக் வேண்டுமென்றால் பலகையையே மாற்ற வேண்டியதுதான். வெள்ளை கேட்பவர்களுக்கு இன்னொன்று: சாதாரணக் கண்ணாடியில் இயல்பாகவே பச்சைச் சாயல் உண்டு, வெள்ளை வண்ணமும் அதன்வழியே பச்சையாகத்தான் தெரியும். என் கணக்கில் இது மூன்றாம் இடம்.

எவர்சில்வர் தகடு உணவகத்துக்குப் பொருத்தம். வீட்டில் கைரேகையும் கீறலும் ஒரு மாதத்தில் சலிப்பூட்டும். குவார்ட்ஸ் பலகையில் கல்தூளைப் பிணைப்பது பிசின் என்பதால் பர்னருக்கு நேர் பின்னால் அதை நான் வைக்கமாட்டேன்.

இடுக்கை நிரப்புவதற்கு வருவோம், பணம் மிச்சம் பிடிக்கக் கூடாத இடம் இது. வெள்ளை சிமெண்ட் மலிவு, கொத்தனாருக்கும் பழக்கம். எபாக்சி என்பது பிசின் வகை நிரப்பி, இரண்டு பகுதிகளாக வந்து கலந்து பூசுவது; விலையும் கூலியும் கூடும், ஆனால் எண்ணெயையும் மஞ்சளையும் உள்ளே விடாது. கலந்தபின் விரைவில் இறுகும் என்பதால் கொஞ்சம் கொஞ்சமாகக் கலந்து, பூசப் பூசத் துடைத்துக்கொண்டே வர வேண்டும். டைலின் முகத்தில் காய்ந்துவிட்டால் சுரண்டி எடுப்பது பெரும்பாடு. வீடு முழுக்க எபாக்சி கட்டுப்படியாகாது என்றால் அடுப்புச் சுவருக்கு மட்டுமாவது போடுங்கள். இடுக்கே இல்லாமல் ஒட்டித் தருகிறேன் என்று சொல்கிற ஆளிடம், ஸ்பேசர் (டைல்களுக்கு நடுவே செருகும் சிறு துண்டு) வைத்து இரண்டு மில்லிமீட்டராவது விடச் சொல்லுங்கள். இடைவெளி விடாமல் ஒட்டினால் எபாக்சி இறங்க வழியில்லை. ஓரங்களிலும் சில்லு பெயரும்.

வேலை நடக்கும் வரிசையும் முக்கியம். முதலில் மின்குழாய்களுக்குச் சுவரைக் கொத்தி மூட வேண்டும், பிறகு மேடைக்கல், அதன்பின் சுவர் டைல். வண்ணம் பூசிய பழைய சுவராக இருந்தால் அதைச் சுரண்டிக் கொத்திவிடாமல் ஒட்டக் கூடாது. டைல் வண்ணத்தைப் பிடிக்கும், வண்ணம் சுவரைப் பிடிக்காது. மேடைக்கல் சரியான மட்டத்தில் இருக்கிறதா என்று ரசமட்டம் வைத்துப் பார்த்துவிட்டு முதல் வரிசையைத் தொடங்கச் சொல்லுங்கள். வெட்டிய துண்டுகள் மூலைக்குப் போகட்டும், அடுப்புக்கு நேரே முழு டைல் வரட்டும். புகைபோக்கி வைக்கும் இடத்தில் டைலை இரண்டடியோடு நிறுத்தாமல் அதற்குப் பின்னால் மேலே வரை ஏற்றிவிட வேண்டும். மேடைக்கல்லும் டைலும் சேரும் கோட்டில் சிமெண்ட் வேண்டாம். கனமான உரல், கிரைண்டர் என்று மேடை சுமை தாங்குவது. சிறிது அசைந்தாலும் சிமெண்டில் முடிக்கோடு விழும், நீர் அதன்வழி இறங்கிக் கீழ் அலமாரிப் பலகையை ஊதவைக்கும். அங்கே ரப்பர்போல் நெகிழும் சிலிக்கோன் பசைதான் சரி.

நாம் போட்ட 32 சதுர அடிக்கு, வெட்டுச் சேதாரம் பத்து சதவீதம் சேர்த்தால், 12×18 டைல் 24 தேவை. பெட்டிக்கு ஆறு வீதம் நான்கு பெட்டி. ஐந்தாகவே வாங்குங்கள், எல்லாப் பெட்டியிலும் ஒரே ஷேடு எண் (நிறச் சாயலைக் குறிக்கும் எண்) அச்சாகியிருக்கிறதா என்று வண்டியில் ஏற்றுமுன் பார்த்துக்கொள்ளுங்கள். அடுத்த ஆண்டு ஒரு டைல் உடைந்து கடைக்குப் போனால் அதே வடிவம் கிடைப்பதே அரிது, அதே நிறம் கிடைப்பது அதைவிட அரிது.